குரல் வேலி

“வேலியை அணைச்சிடுங்க மேடம்.”

செல்லக்கனி இதைச் சொன்னதும் சாப்பாட்டு மேசையில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு நின்றது. கூட வேலை பார்க்கிற ரூபன் தோசையைப் பிய்த்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். உகாண்டாவின் மேற்கு மூலையில், நியம்பரா காட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஆராய்ச்சி நிலையத்தில் தோசை கிடைப்பதே பெரிய விஷயம். அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

செல்லக்கனி வேலைக்குச் சேர்ந்த அன்றே டாக்டர் வசுமதி அவளை எதிரில் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். “இங்க நீ என்ன வேணா கேக்கலாம். லீவு கேளு, சம்பளம் கூட்டிக் கேளு, என்னைப் பிடிக்கலைன்னா வேற டைரக்டரைக் கேளு. வேலியை அணைக்கச் சொல்லி மட்டும் கேக்காத. கேட்டவங்க யாரும் இப்ப இங்க இல்ல.”

இப்போது அதே வசுமதி காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார். “என்ன காரணம்?”

“கடுகு நாலஞ்சு நாளா பெட்டி மரத்தடியிலயே உக்காந்திருக்கான். சத்தத்துக்குப் பயப்பட மாட்டேங்கறான். மேட்டுக்காரங்க கண்ணுல பட்டான்னா பிச்சிப் போட்டுருவாங்க.”

“அப்ப வேலியை பலப்படுத்தணும்னு கேளு. அணைக்கச் சொல்லி ஏன் கேக்கற?”

“வேலி போட்டதாலதான் இந்த நெலமையே வந்துச்சு.”

“அது உனக்கு எப்படித் தெரியும்?”

கனிக்குத் தெரியாது. அவள் கோபமே அதுதான். தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை, தெரியும் என்று சாதிக்கவும் முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பின்னால் ரூபன் யாரிடமோ, “காலைலயே உறைப்பு சாஸ்தியா போச்சு” என்று முனகுவது கேட்டது.

கடுகு ஒரு சிம்பன்சி. இந்த நிலையத்தை ஆரம்பித்த தமிழர்கள், காட்டில் இருந்த அறுபதுக்கு மேற்பட்ட சிம்பன்சிகளுக்கும் அஞ்சறைப்பெட்டியிலிருந்தே பெயர் வைத்துவிட்டார்கள். மிளகு, சுக்கு, பட்டை, கிராம்பு, ஏலம். உகாண்டாக்காரர்கள் வாயில் அந்தப் பெயர்கள் கொஞ்சம் நீண்டு, கொஞ்சம் அழகாகவே இருந்தன.

ஒருகாலத்தில் அவை எல்லாம் ஒரே கூட்டம். ஒவ்வொன்றின் தோலுக்கு அடியிலும் அரிசி அளவு கருவி ஒன்று இருக்கிறது. யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், யாருக்கு யார் பேன் பார்க்கிறார்கள், யார் குரலைக் கேட்டால் யாருக்கு நெஞ்சு படபடக்கிறது என்பதையெல்லாம் அது சொல்லும். அத்தனையையும் முழுங்கிய இயந்திரம் ஒரு நாள் கணக்குச் சொன்னது. இந்தக் கூட்டம் இரண்டாக உடையும். உடைந்தபின் ஒரு பாதி மறுபாதியைக் கொல்லும்.

கேட்டுக்கொண்டு சும்மா இருக்க நிலையத்துக்கு மனசு வரவில்லை. நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். ஓடைக்கரை நெடுகிலும் மரங்களில் ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் கட்டினார்கள். அதுதான் வேலி. ஓடைப் பக்கத்துச் சிம்பன்சி நடுக்காட்டை நெருங்கினால், மேட்டுப் பக்கத்துச் சிம்பன்சி ஒன்றின் ஆங்காரக் குரல் பெட்டியிலிருந்து வரும். மேட்டுப் பக்கத்துச் சிம்பன்சி நெருங்கினால் ஓடைக் குரல் வரும். குரல்களை இயந்திரமே செய்தது. பார்த்துக்கொண்டால்தானே அடிதடி, பார்க்கவே விடாவிட்டால் சரியாகிவிடும் என்பது யோசனை. வேலி போட்டதிலிருந்து ஒரு கொலைகூட நடக்கவில்லை.

யார் குரலைப் போட்டால் யார் நகருவார்கள் என்பதை இயந்திரம் தானாகக் கற்றுக்கொண்டது. பழக்கமில்லாதவன் கத்தினால் எந்தக் குரங்கும் சட்டை செய்யவில்லை. கூடவே படுத்து எழுந்தவன் கத்தினால்தான் நொந்துபோய்த் திரும்பிப் போனது. ஆகவே ஓடைப் பக்கத்துக் கடுகுக்கு மேட்டுப் பக்கத்து மிளகின் குரல். மிளகுக்குக் கடுகின் குரல். இருவரும் ஒரு தாய்ப் பிள்ளைகள்.

அன்று கனியோடு காட்டுக்குள் வந்தது கெமிகிசா. அவளுக்கு நாலைந்து வயது மூத்தவள், காட்டை ஒட்டிய ஊர்க்காரி, தடம் பார்த்துப் போகிற வேலை. இருவரும் தங்களுக்குச் சொந்தமில்லாத இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வார்கள்.

“உன்னை இன்னும் வேலையைவிட்டுத் தூக்கலையா?”

“மத்தியானத்துக்கு மேல தூக்குவாங்க.”

“அப்ப மத்தியானம் நல்லா சாப்பிட்டுரு. வெறும் வயித்தோட தூக்குனா வலிக்கும்.”

கனிக்குச் சிரிப்பு வரவில்லை. “கெமி, இவங்க நிஜமாவே பிரிஞ்சாங்களா, நாமளா பிரிச்சோமா?”

“பெட்டி கட்டுறதுக்கு முன்னாடியே பட்டைக்கும் கடுகுக்கும் ஆகாது. நானே பாத்திருக்கேன். ஆனா ஆகாதவங்க சேந்து இருக்கறது இல்லையா? என் மாமியார் வீட்டுக்கு வந்து பாரு.”

“இது பதில் இல்ல.”

“என்கிட்ட பதில் இருக்குன்னு நான் எப்ப சொன்னேன்?”

கடுகு அதே மரத்தடியில் இருந்தான். அவன் இருப்பது தெரிந்து மேலே பெட்டி முழங்கியது. மிளகின் குரல். முதலில் அடித்தொண்டையில் ஊளை, பிறகு காதைக் கிழிக்கிற அலறல். முன்பெல்லாம் கடுகு இதைக் கேட்டால் உடம்பு சுருங்கித் திரும்பி நடப்பான். இன்று மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். தலையைக் குனிந்து, ஒரு கையை உயர்த்தி மரக்கிளையைப் பிடித்துக்கொண்டான்.

பேன் பார்க்கச் சொல்கிற இருப்பு அது. பெட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தான். பெட்டி அவனைத் திட்டிக்கொண்டே இருந்தது.

கெமிகிசா கனியின் தோளைத் தொட்டாள். மேட்டிலிருந்து மூன்று பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பட்டை, கிராம்பு, பின்னால் மிளகு. முடி சிலிர்த்திருந்தது. சத்தமே இல்லை. நிஜமாக அடிக்க வருகிறவர்கள் கத்திக்கொண்டு வருவதில்லை என்பதைப் பெட்டிக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டு பக்கத்துக் கருவிகளும் ஒரே இடத்தில் தெரிந்ததும் பெட்டி குழம்பிவிட்டது. கடுகை விரட்ட மிளகின் குரலையும், மிளகை விரட்டக் கடுகின் குரலையும் ஒரே நேரத்தில் போட்டது. மிளகு நின்றான். மரத்தை அண்ணாந்து பார்த்தான். மேலே அவனே கத்திக்கொண்டிருந்தான். கீழே தம்பி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான், ஆனால் தம்பியின் அலறல் மேலே கேட்டது.

அதற்குள் பட்டையும் கிராம்பும் பாய்ந்துவிட்டார்கள். புதர் அதிர்ந்தது. மிளகும் ஓடினான். கடுகின் காலைப் பிடித்து இழுத்தான். அவர்கள் கடிக்க வசதியாகப் பிடித்துக் கொடுத்தானா, அவர்களிடமிருந்து உருவினானா என்று கனிக்குப் புரியவில்லை. கண் கொட்டாமல்தான் பார்த்தாள், புரியவில்லை. கடுகு எப்படியோ கழன்று, ஒரு விரல் தொங்க, பாறைகள் மேல் தாவி ஓடையைக் கடந்து ஓடினான். உயிர் இருந்தது.

மிளகு மட்டும் போகவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து மேலே பார்த்து, தன் குரலில் மெதுவாக ஒருமுறை கூவினான். பெட்டி கடுகின் குரலில் அவனைத் திட்டியது.

கனியின் கையிலிருந்த திரையில் வழக்கமான கேள்வி வந்தது. *மிளகு: எந்தப் பக்கம்?* கீழே இரண்டு பொத்தான்கள், மேடு என்று ஒன்று, ஓடை என்று ஒன்று. இரண்டில் ஒன்றை அமுக்காமல் அந்தத் திரை மூடாது. இத்தனை வருஷமாக அது அப்படித்தான்.

“எதை அமுக்கப் போற?” என்றாள் கெமிகிசா.

கனி அதை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டாள்.

காட்டு விளிம்பில் செல்போன் கோபுரம் தெரிகிற இடத்துக்கு வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டாள். ஏன் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மனசு கலங்கினால் யாரையாவது திட்ட வேண்டும், திட்டு வாங்க அம்மாவைவிட வசதியான ஆள் கிடையாது.

கனியின் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து முள்ளிக்கரை. அந்த ஊரில் பட்டம் வாங்கிய காலனிப் பிள்ளை இவள்தான் முதல். காலனிக்கும் வடக்குத் தெருவுக்கும் எப்போதும் ஆகாது. போன வருஷம் கோயில் கொடைத் திருவிழாவில் தலைகள் உடைந்தன. அதன்பிறகு ஒரு கம்பெனி வந்து, ‘அமைதித் திட்டம்’ என்று ஏதோ சோதனை முறையில் ஆரம்பித்திருப்பதாக அம்மா சொல்லியிருந்தாள். குழாயில் தண்ணீர் இவர்களுக்கு ஒரு நேரம், அவர்களுக்கு ஒரு நேரம். ரேஷனும் அப்படி, பஸ்ஸும் அப்படி. கனி அதை அப்போது அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை.

“எப்பிடிம்மா இருக்கு ஊரு?”

“நல்லாத்தான் இருக்கு. ஒரு வம்பு தும்பு கெடையாது. பஸ் ஸ்டாப்புல ஒரு பய நம்மள ஏறிட்டுப் பாக்கதில்ல. பாத்தாத்தான, அவனுவ வார நேரத்துக்கு நாம போவதே இல்லயே. நிம்மதியா இருக்குட்டி. நெசமாத்தான் சொல்லுதேன்.”

அந்த பஸ் ஸ்டாப்பில் கனி வாங்கிய பேச்சுகள் இன்னும் அவள் உடம்பில் இருக்கின்றன. அம்மாவுக்கு அது இல்லை என்றால் நல்லதுதானே.

“வெள்ளத்தாய் அத்தை எப்பிடி இருக்கு?”

வெள்ளத்தாய் வடக்குத் தெரு. அம்மாவும் அவளும் தீப்பெட்டி ஆபீசில் ஒரே பலகையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். தெருவுக்குத் தெரு ஆகாத ஊரில், ஒரு தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள்.

“யாரு கண்டா. பாத்து எத்தன மாசமாச்சி. முன்னாலல்லாம் போன்ல பேசி அனுப்புவா. ‘இப்ப வராத, இங்க பயலுவ கூடி நிக்கானுவ, உன்னய கேவலமா பேசுதானுவ’ன்னு. நல்ல மனசு அவளுக்கு. பொறவு வர வர அவளே நம்மள ஏசி அனுப்ப ஆரம்பிச்சிட்டா. நானும் விட்டுட்டேன்.”

“அத்தை ஏசுச்சா? அது குரலாம்மா?”

“அவ கொரலு எனக்குத் தெரியாதா?” அம்மா குரலைத் தாழ்த்தினாள். “இன்னொண்ணு கேளு. போன வாரம் வடக்குத் தெருக்காரன் ஒருத்தன் நேரங்கெட்ட நேரத்துல நம்ம தெருக்குள்ள வந்துட்டான். பயலுவ பிடிச்சி வெளுத்துட்டானுவ. கை ஒடிஞ்சி போச்சி. பொறவுதான் தெரியுது, வெள்ளத்தாய் மவனாம். அவளுக்கு முடியலயாம், என்னயப் பாக்கணும்னாளாம், கூப்பிட வந்திருக்கான். தாடி வச்சிருந்தான், ஆளே அடையாளம் தெரியல.”

“அடிச்சதுல நம்ம அரசு உண்டா?”

தம்பி பெயரைக் கேட்டதும் அம்மா வேகமாக, “அவன் என்ன செய்வான், நீ சொன்னதத்தான செஞ்சான்” என்றாள்.

“நான் என்ன சொன்னேன்?”

“என்னட்டி இப்பிடிக் கேக்க? நீதான தெருவுல எல்லாருக்கும் பேசி அனுப்புத. ‘அந்தப் பக்கம் போவாதீங்க, அவனுவள நம்பாதீங்க, ஒருத்தன் உள்ள வந்தாலும் விடாதீங்க’ன்னு. படிச்ச பிள்ள சொல்லுதுன்னு நம்ம தெருவே கேக்கு. நேத்துகூட அனுப்பினியே.”

நேற்று கனி யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை. ஆனால் அந்த வார்த்தைகள் அவளுடையவை. அவனுவள நம்பாதீங்க. எத்தனை முறை சொல்லியிருப்பாள். காலேஜில் சொன்னாள், இங்கே வாக்கிடாக்கியில் ரூபனிடம் ஊர்க் கதை பேசும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். எதை அவள் சொன்னாள், எதை இயந்திரம் சொன்னது, எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பித்தது?

“யம்மா, அது நான் இல்ல. நீ போய் வெள்ளத்தாய் அத்தையைப் பாரு.”

“நேத்து ஒண்ணு சொல்லுத, இன்னைக்கு ஒண்ணு சொல்லுத. எதத்தான் கேக்க? வை போன. இப்ப பேசுதது நீதான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ஒரு மாதிரி பேசுத.”

அம்மா வைத்துவிட்டாள்.

கெமிகிசா மோட்டார் பைக் பக்கத்தில் நின்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கனி குடித்துவிட்டு, அங்கேயே நின்று ரூபனுக்குப் போன் செய்தாள். ஒரே ஒரு வேலை சொன்னாள். அவன், “கனி, நீ யோசிச்சுதான் சொல்லுதியா?” என்றான். “செய்யி” என்று வைத்துவிட்டாள்.

நிலையத்துக்குத் திரும்பித் தன் அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வசுமதியின் அறைக்கு வந்தாள். அவர் ஓடைக்கரைக் கேமராவில் பதிந்த காட்சியைத்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தார்.

“பாத்தேன்” என்றார். “பெட்டி கத்தி அவங்களைத் தடுமாற வச்சது. இல்லைன்னா கடுகு செத்திருப்பான்.”

“பெட்டி இல்லைன்னா அவன் அங்க உக்காந்தே இருக்க மாட்டான்.”

“இருக்கலாம். வேற காடுகள்ல வேலியே இல்லாம பிரிஞ்சு, கூட வளந்ததை அடிச்சுக் கொன்னிருக்கு. எனக்கும் நிச்சயமா தெரியாது கனி. தெரியாதவரைக்கும் உயிரு போகாத வழியைப் பிடிச்சிட்டிருக்கேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். களைத்திருந்தார். கெட்டவராக இருந்தால் எவ்வளவு சுலபம் என்று கனிக்குத் தோன்றியது.

“என் ஊருல என் குரல் பேசுது மேடம்.”

துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு, “உனக்குத் தெரியவே வேணாம்னு நினைச்சேன்” என்றார்.

“எங்கிட்ட கேட்டீங்களா?”

“சேரும்போது குரல் பதிவுக்கு ஒத்துக்கிட்ட.”

“வாக்கிடாக்கிக்குன்னுதான சொன்னீங்க.”

“அந்தக் கம்பெனிதான் நமக்குப் பணம் கொடுக்குது. நம்ம வேலியை ஊர்களுக்குக் கொண்டு போறாங்க. உங்க தெருவுல யார் பேச்சை எல்லாரும் கேப்பாங்கன்னு மெஷின் தேடுச்சு. நீ வந்த. நான் வேணாம்னேன், அவங்க கேக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன். கொடைக்குக் கொடை உங்க ஊர்ல மண்டை உடையும். இந்த வருஷம் உடையல.”

“கை ஒடிஞ்சிருக்கு. ஒடிச்சது என் தம்பி. நான் சொல்லி ஒடிச்சிருக்கான்.”

வசுமதி கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். திரையில் காட்டின் வரைபடம், ஓடை நெடுகிலும் சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகள். “காலையில கேட்டியே. ஊரு என் கையில இல்ல. காடு என் கையில இருக்கு. நீ சொன்னா இந்த நிமிஷமே அணைக்கிறேன். ஆனா நல்லா கேட்டுக்க. நாளைக்கு கடுகு செத்தா, ஏலத்தோட குட்டியைத் தூக்கி அடிச்சாங்கன்னா, அது நீ சொல்லி நடந்தது. சொல்லு. அணைக்கட்டா?”

காலையில் கேட்டபோது இருந்த உறுதி இப்போது இல்லை. கடுகின் காலைப் பிடித்த மிளகின் கை கண்முன் வந்தது. பிடித்துக் கொடுத்தானா, உருவினானா? அணைத்தால் தெரியுமா? அணைத்தாலும் தெரியாமலே போகலாம். ஏலத்தின் குட்டி அவள் விரலைப் பார்த்துக் கை நீட்டியது ஒரு தடவை.

“அணைங்க” என்றாள்.

“யோசிச்சுதான் சொல்றியா?”

“யோசிச்சா பதில் வர்ற கேள்வியா மேடம் இது? அணைங்க. நான் சொன்னேன்னே எழுதிக்கோங்க. இது நிஜமாவே நான் சொன்னது.”

வசுமதியின் விரல் விசைப்பலகை மேல் இருந்தது. அமுக்கினாரா என்று கனி பார்க்கவில்லை. திரும்பிவிட்டாள்.

“நீ எங்க போற?”

“ஊருக்கு. ரூபன் டிக்கெட் போட்டுட்டான். பை கெமி வண்டியில இருக்கு.”

“போய் என்ன பண்ணுவ? அங்க உன் குரல் உனக்கு முன்னாடியே இருக்கு. நீ சமாதானம் பேசினா உன் அம்மாவே நம்ப மாட்டாங்க. வடக்குத் தெருவுல உன்னைக் கண்டா என்ன பண்ணுவாங்கன்னு தெரியுமா உனக்கு? அவங்க காதுல என்னென்ன விழுந்திருக்குன்னு எனக்கே தெரியாது.”

“சமாதானம் பேச யாரு போறா?” கனி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அவனுவ மேல எனக்கு இருக்கற கோவம் அப்படியேதான் இருக்கு. பஸ் ஸ்டாப்புல என்னைப் பேசினவன் ஒவ்வொருத்தனையும் எனக்குத் தெரியும். வெள்ளத்தாய் அத்தையையும் தெரியும். முதல்ல அத்தை வீட்டுக்குப் போவேன். வழியில எவனாவது மறிச்சான்னா மூஞ்சிக்கு நேரா நின்னு நானே திட்டிக்கிறேன். எனக்காக வேற யாரும் திட்ட வேணாம்.”

வசுமதி என்னவோ சொன்னார். கனி அதற்குள் வராந்தாவைத் தாண்டி வெயிலில் இறங்கியிருந்தாள்.